சம்பந்தம் ஓட்டிய ஊமை வண்டி

சம்பந்தத்துக்குப் பதினோரு வருஷத்து வேலை போனது உள்ளங்கை அகல ஃபில்டர் ஒன்றால். வண்டிக்குள்ளிருந்து அதை உருவி எடுத்தவன் நான். எடுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருத்தர் பிழைப்பு. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். என் பேரைத் தவிர மற்ற பேர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை.

என் பேர் அர்ஷத். பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெட்ரோலிலும் பேட்டரியிலும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் வண்டியைக் கண்டால் மற்ற மெக்கானிக்குகள் ஷாக் அடிக்கும் என்று பத்தடி தள்ளி நின்ற காலத்தில், தைரியமாகத் திறந்து பார்த்தவன் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அப்படித்தான் சம்பந்தம் பழக்கமானார்.

சம்பந்தம் நூம்பல்காரர். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் பதினைந்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். டீசல் ஆட்டோ சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டால்கூட மூன்றாம் வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் 2014-ல் திருமுருகன் சார் வீட்டுக்கு டிரைவராகப் போனார். திருமுருகன் விருதுநகர் பக்கத்து ஆள். திருமழிசையில் சின்னதாக லேத் பட்டறை, சென்னீர்குப்பத்தில் ஃப்ளாட். மனைவி அகல்யா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள் வர்ஷா.

முதல் நாள் ஹைபிரிட் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார் சம்பந்தம். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினார். ஐந்து தடவை அமுக்கிவிட்டு, வந்த முதல் நாளே வண்டியைக் கெடுத்துவிட்டோம் என்று வியர்த்துப்போய்த் திரும்பிப் பார்த்தாராம். பின்சீட்டில் இருந்த அகல்யா, "அண்ணா, அது முதல் தடவையே ஸ்டார்ட் ஆயிடுச்சு. நீங்கதான் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி போடுறீங்க" என்றாராம். இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அவர் வைத்த பேர் ஊமை. "ஊமைய இட்டாந்துகிறேன் பாய், இன்னான்னு பாரு" என்றுதான் என் கடைக்குள் நுழைவார்.

அகல்யா எப்போதும் பின்சீட்டில் இடது ஜன்னலோரம்தான் உட்காருவார். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அவருக்கு. சீட்டில் உட்காரும் முன் அதை எடுத்து முன்னால் மடியில் போட்டுக்கொள்வார், இல்லாவிட்டால் அதன் மேலேயே உட்கார வேண்டியிருக்கும். அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கதவுக்கும் சீட்டுக்கும் இடையில், கம்பி போட்ட ஒரு சின்ன வாய் இருக்கும். பின்சீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும் பெரிய பேட்டரிக்கு அதுதான் மூக்கு. உள்ளே ஒரு ஃபேன் இருந்து, வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அந்த வழியாக இழுத்து பேட்டரியைச் சூடாகாமல் வைத்திருக்கும். கம்பிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர். மாதம் ஒரு தடவை அதை எடுத்து அலசிப் போட வேண்டும். அடைத்துக்கொண்டால் பேட்டரி வெந்து, இருக்கிற ஆயுசும் குறையும்.

இதைச் சம்பந்தத்துக்கு ஒரு தடவைதான் சொன்னேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழற்றி, தன் வீட்டுக்கு எடுத்துப்போய் அலசி, மதில் மேல் காய வைத்து, மறுநாள் மாட்டுவார். "ஊட்ல ஜமக்காளம் நாறுது, அத தொவைக்க ஆள் இல்ல, கார் மூக்கத் தொவைக்கிறாரு" என்று அவர் மனைவி கன்னியம்மா திட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு வைக்கும் சந்தனப் பொட்டில் ஒன்று அந்தக் கம்பிக்கும் வைப்பார். அப்படிப்பட்டவர்.

2021-ல் அகல்யாவுக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். அடுத்த வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார். திருமுருகன் அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தார். ஜன்னலோரச் சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார். வண்டிக்கு வயசாகிவிட்டது, புது ஹைபிரிட் வாங்கலாம் என்று வர்ஷா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலைக்குப் போகிற பெண்; பாதி வழியில் வண்டி நின்றுவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அப்பா அசையவில்லை.

போன சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஷோரூமில் பேட்டரி போய்விட்டது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்கள் என்றார்கள். திருமுருகன் நேராக என்னிடம் வந்தார்.

"பாய், தேறும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எவ்வளவு ஆனாலும் சரி, வண்டியக் குடுக்க மாட்டேன்."

அவர் வாசலில் டீ டம்ளரோடு நின்றார். நான் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சம்பந்தம் அவசரமாகக் கிட்டே வந்து, "ஃபில்டர நான் எடுத்துக்கறேன் பாய். நீ பேட்டரிய மட்டும் பாரு" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குள் கம்பியைக் கழற்றிவிட்டேன். ஃபில்டர் கையோடு வந்தது. கம்பளி மாதிரி திக்காக, கறுப்பாக, ஒரு விரல் கனத்துக்கு அடைத்திருந்தது.

"இன்னாண்ணே இது, வருஷக்கணக்கா தொடவே இல்ல போலகீதே" என்றேன். மெதுவாகச் சொல்லத் தெரியாத ஜென்மம் நான்.

சம்பந்தம் என் கையிலிருந்து அதை வாங்கித் தோளில் கிடந்த துண்டில் சுற்றிக்கொண்டார். ஆனால் சொன்ன சொல் வாசல் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. திருமுருகன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா சுத்தம் பண்ணல?"

"மூணு வருசம் இருக்கும் சார்."

"ஏன்?"

சம்பந்தம் தரையைப் பார்த்தார். "மறந்துட்டேன் சார்" என்றார்.

வயசும் ஒரு காரணம் சார், பதினோரு வருஷம் எந்த பேட்டரியும் உழைப்பது பெரிய விஷயம் என்று நான் சொன்னேன். உண்மையும் அதுதான், பாதி வயசு, பாதி அடைப்பு. என் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை. பதினோரு வருஷமாக 'நீங்க, வாங்க' என்று பேசிய மனிதர் அன்று அதை விட்டுவிட்டார்.

"மூணு வருஷம். அகல்யா போனதுக்கப்புறம் கேக்க ஆளில்லன்னு விட்டுட்ட, இல்ல? அவ உன்னைக் கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சா. அவ உக்காந்த எடத்துக்குப் பக்கத்துல இருக்கறது, அதைக் கூட உன்னால பாத்துக்க முடியல." பிறகு, "வண்டிய வீட்ல விட்டுட்டு சாவியக் குடுத்துரு. இனிமே இதப் பாக்கவே மனசு வராது, குடுத்துடறேன். புதுசு வந்தா அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் குரல் கோபமாகத் தொடங்கி அழுகையில் முடிந்தது. அதனால் அவரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

எனக்கு வந்த கோபமெல்லாம் சம்பந்தத்தின் மேல்தான். "மறந்துட்டேனாம். மதில்மேல காய வெச்ச ஆளு நீ. யார்கிட்ட கத உடற?" என்று கத்தினேன்.

அவர் பழைய டயர் மேல் உட்கார்ந்து மடியில் துண்டைப் பிரித்தார். "கிட்ட வந்து பாரு பாய்" என்றார்.

பார்த்தேன். கம்பளியும் இல்லை, வெறும் தூசியும் இல்லை. தலைமுடி. நீள நீளமான தலைமுடி, சுருண்டு, பின்னி, தூசி படிந்து, ஒரு பாய் மாதிரி அந்த ஃபில்டரில் ஒட்டிக்கிடந்தது. நடுவில் ஒரு சின்ன மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. நான் பேட்டரிகளைத் திறந்து செத்த எலி முதல் கல்யாணப் பத்திரிகை வரை எடுத்திருக்கிறேன். இப்படி ஒன்றை எடுத்ததே இல்லை.

அப்புறம் அவர் சொன்னது இது. ஆஸ்பத்திரிக்கு அகல்யாவைக் கூட்டிப்போனதெல்லாம் சம்பந்தம்தான். திருமுருகன் நல்லவர், ஆனால் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே திரும்பி வந்துவிடுவார். பட்டறையில் வேலை என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுவார். அது மனைவிக்கும் தெரியும். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. வர்ஷாவுக்கு அப்போது கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சை. வீட்டுக் குளியலறையில், தலையணையில், சாப்பாட்டில் முடியைப் பார்த்தால் அப்பாவும் பெண்ணும் உடைந்துபோவார்கள் என்று, அகல்யா ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொள்வார். காரில் ஏறி, பெங்களூர் ஹைவேயில் வந்ததும் அதை அவிழ்த்து, சீப்பு எடுத்து, உதிர வேண்டியதை எல்லாம் அங்கேயே வாரிவிடுவார். வாரியதைச் செய்தித்தாளில் சுருட்டிச் சம்பந்தத்திடம் கொடுப்பார். அவர் ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார். சீப்பில் நிற்காமல் பறந்ததைத்தான் பக்கத்திலிருந்த அந்த ஃபேன் இழுத்துக்கொண்டது.

"கண்ணாடில பாக்கக்கூடாதுன்னு நான் மேல திருப்பி உட்ருவேன் பாய். லாரிக்காரன் பின்னால ஆரன் அட்ச்சிகினே வருவான். பாக்கமாட்டேன்."

கடைசியில் தலையில் மெல்லிசாகக் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை, "அண்ணா, திருவேற்காட்டுக்கு வண்டிய விடுங்க" என்றாராம். கருமாரியம்மன் கோயிலில் அந்த மிச்சத்தை இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். வீட்டில், வேண்டுதல் இருந்தது, குணமாக வேண்டும் என்று முடியைக் காணிக்கை கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். வரும் வழியில் சம்பந்தத்திடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாத்தையும் அம்மனுக்குக் குடுத்ததா அவங்க நெனைக்கட்டும் அண்ணா. நோய் எடுத்துக்கிச்சுன்னு தெரிய வேணாம். என்னைக்கும் சொல்லாதீங்க."

அவர்கள் அப்படியே நம்பினார்கள். மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தில், வந்தவர்களிடமெல்லாம் திருமுருகன் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நோய் அவ உயிரத்தான் எடுத்துச்சு. முடியத் தொட விடல. அத அம்மனுக்குன்னு முழுசா குடுத்துட்டா." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் எழுந்து நடமாடினார்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் ஃபில்டர் பக்கமே போகாத சம்பந்தம், காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றினார். பார்த்தார். அலசவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. திரும்ப மாட்டிவிட்டார். பேட்டரி வேகக்கூடாது என்று அன்றிலிருந்து ஆளில்லாத பின்சீட்டுக்கு ஏசியை முழுசாகத் திருப்பி வைத்து ஓட்டினார். பெட்ரோல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறார்.

"யோவ், இத எடுத்துப் பத்திரமா வெச்சிட்டு வேற ஃபில்டர் போட்டிருக்கலாமேயா. என்கிட்ட கேட்டா நானே தந்திருப்பேனே" என்றேன்.

"தெரியும் பாய். ஒவ்வொரு மாசமும் நெனப்பேன். கதவத் தொறந்தா அந்தம்மா அங்க குந்திகினு கீறாப்பல இருக்கும். எடுத்தா எழுந்து போயிடுவாங்களோன்னு தோணும். மூடிடுவேன். தப்புதான். வண்டி என்னாலதான் செத்துச்சு."

நான் எழுந்தேன். இப்பவே சென்னீர்குப்பம் போய் சாரிடம் விஷயத்தைச் சொல்கிறேன், உன் வேலையும் மானமும் திரும்பி வரும் என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சொன்னா எனக்கு வேல கெடைக்கும் பாய். அவருக்கு இன்னா கெடைக்கும்?"

சம்பந்தத்துக்கு ஐம்பத்தாறு வயசு, சர்க்கரை வியாதி, கல்யாணத்துக்கு ஒரு பெண், இந்த வேலையை விட்டால் தினக்கூலிக்கு ஆக்டிங் டிரைவராக ஊர் ஊராகப் போக வேண்டியதுதான். எல்லாம் அவருக்கும் தெரியும். அன்று மாலையே வண்டியைத் துடைத்து, இடது ஜன்னலோரச் சீட்டைத் தனியாக ஈரத்துணியால் துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு நூம்பலுக்கு நடந்தே போனார்.

பத்து நாள் கழித்து என் கடைக்கு வந்தார். வியாழக்கிழமை. ஷோரூம் ஆள் வந்து ஊமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார். தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறார். "அவனும் நாலு தபா பட்டன அமுக்குனான் பாய்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு, "நாளிக்கு காலீல திருவேற்காடு வரைக்கும் உன் ஸ்கூட்டர்ல இட்டுனு போறியா? மொட்ட போடணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். நான் வாசலுக்கு இந்தப் பக்கம், தேங்காய்க் கடை நிழலில் நின்றேன். அவர் முடி இறக்கும் இடத்துக்குப் போனார், ஃபில்டர் முடியைச் சுற்றிவைத்த அந்தத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. உள்ளே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். குனிந்து உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துவைத்துக்கொண்டாராம். நாவிதர் சிரைக்கச் சிரைக்க அவருடைய நரைமுடி அந்தக் கறுப்பு முடியின் மேல் விழுந்து மூடியது. முடிந்ததும் இரண்டையும் சேர்த்து அள்ளி, காணிக்கை முடி போடுகிற இடத்தில் போட்டுவிட்டார். ஸ்டிக்கர் பொட்டை மட்டும் எடுத்து அங்கிருந்த வேப்பமரத்தில் ஒட்டினார்.

சந்தனம் பூசிய மொட்டையோடு வெளியே வந்தபோது, கோயில் முன்னால் ஒரு புது வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. மாலை போட்டு, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திருமுருகன் இறங்கினார். ஓட்டிவந்தவள் வர்ஷா. வெள்ளிக்கிழமை, புது வண்டி, அகல்யா முடி கொடுத்த கோயில். அவர்கள் வேறு எங்கே போவார்கள்? எங்களுக்குத்தான் அது முன்னாலேயே தோன்றவில்லை.

திருமுருகன் சம்பந்தத்தைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார். முகம் இளகியது.

"வேலைக்காகவா சம்பந்தம்? வேண்டுதலா?"

சம்பந்தம் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா இனிமே வர்ஷாவே ஓட்டிக்கறேங்குறா."

"பரவால்ல சார். பாப்பா நல்லா ஓட்டும்." பிறகு வர்ஷாவைப் பார்த்து, "இதுலயும் சீட்டுகிட்ட காத்து போற வழி ஒண்ணு இருக்கும் பாப்பா. எங்க கீதுன்னு கேட்டுக்கோ. மாசம் ஒரு தபா சுத்தம் பண்ணிடு. மறந்துடாத" என்றார்.

வர்ஷா சரி அண்ணா என்று தலையாட்டினாள். திருமுருகன் கோயில் பக்கம் திரும்பி, சம்பந்தம் வந்த திசையைக் கையால் காட்டினார்.

"அங்கதான அகல்யாவும் குடுத்தா. நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க." குரல் உடைந்தது. "ஒரு முடி விடாம அத்தனையும் அம்மனுக்கு வந்துச்சு, இல்ல சம்பந்தம்?"

சம்பந்தம் சந்தனம் காயாத தலையைத் தடவிக்கொண்டார். ஷேர் ஆட்டோ ஓட்டிய காலத்துப் பெரிய குரல் அன்று அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

"ஆமா சார். ஒண்ணு விடாம வந்துட்ச்சி."

நான் தேங்காய்க் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கிப் புது வண்டி கிளம்பியது. வளைவில் மறையும் வரைக்கும் சம்பந்தம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்து, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நூம்பல் வளைவில் இறக்கிவிடச் சொன்னார்.